ஆயிரம் தடவை முயன்ற சுந்தர்ராஜ்

ஆம்பூரில் அஹமது பாஷாவின் ஷூ கம்பெனியில் சுந்தர்ராஜுக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. 2001இல் அந்த ஆபீசில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். அதனால் அவருக்கு மேலே ஆண்டவரும் முதலாளியும் மட்டுமே. மவுசைப் பிடிக்கிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. கறுப்புத் திரையில் நெட்டிலிருந்து ஃபைலை இறக்கும் ‘டபிள்யூகெட்’ கட்டளையைத் தட்டி, ஃபைல் பாதியில் அறுந்தால் ஆயிரம் தடவை திரும்ப முயலும்படி அதற்குச் சொல்லிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்த தளபதி மாதிரி சாய்ந்து உட்காருவார்.

அந்த வாரம் ஆர்டர் கொடுக்கும் ஜெர்மனிக்காரன் புது ஷூ டிசைனை நெட்டில் போட்டிருந்தான். பன்னிரண்டு எம்பி. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அது தோல் வெட்டும் கட்டிங்குக்குப் போகாவிட்டால் ஆர்டர் போட்டிக் கம்பெனி ராணிப்பேட்டைக்காரனுக்கு. டிசைன் இருந்த சர்வருக்கோ விட்ட இடத்திலிருந்து தரத் தெரியாது. அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

நெட்டுக்கும் பேச்சுக்கும் ஒரே டெலிபோன் லைன். யாராவது ரிசீவரை எடுத்தால் நெட் போய்விடும். மூன்று நாளாக எடுத்தது வேறு யாருமில்லை, முதலாளியேதான். பத்து நிமிஷத்துக்கொரு தரம் கேபினில் ரிசீவரைக் காதில் வைத்து, நெட் ஓடும் இரைச்சலைக் கேட்டு, “இன்னும் கத்துது, வரல போல” என்று வைத்துவிடுவார். வந்துவிட்டதா என்று பார்த்தே வராமல் செய்தார் மனிதர். இது சுந்தர்ராஜுக்கு நன்றாகவே தெரியும். இயந்திரத்துக்கு ஆயிரம் தடவை சொன்னவருக்கு முதலாளியிடம் ஒரு தடவை சொல்ல நாக்கு எழவில்லை. “மழ பேஞ்சதுல லைன் வீக்கு மொதலாளி” என்று பழியை வானத்தின் மேல் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் சொன்னார்.

“கோச்சுக்காதீங்க மொதலாளி. நீங்க போன எடுக்கறதாலதான் கட்டாவுது.”

“இத சொல்ல மூணு நாளா? இன்னாய்யா நீ!” அஹமது பாஷா தொப்பியை எடுத்தார். “ஜும்மாவுக்குப் போறேன். வர்ற வரிக்கும் ஒருத்தரும் தொடமாட்டாங்க. வந்தா ஃபைல் இருக்கணும்.”

ஜும்மா தொழுகை நேரத்தில் மெஷின்கள் நின்றன, ஆபீஸ் காலியானது. பெருக்குகிற கோவிந்தம்மாள் மட்டும் இருந்தாள். திரையில் ஐம்பது சதவீதம், எழுபது, தொண்ணூறு. ஒரு தடங்கலும் இல்லை. தொண்ணூற்றாறைக் கண்டதும் சுந்தர்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வேலூரில் நர்சாக இருக்கும் மனைவி ஜெயபுஷ்பத்திடம் அந்த நிமிஷமே சொல்லியாக வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவருக்கு வாயைத் திறக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை, ரிசீவரை எடுத்தபோதே கெட்டார்.

இரண்டு மணிக்கு முதலாளி திரும்பியபோது திரையில் மூன்று சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது.

“லைன் வீக்கு மொதலாளி...”

“மூணு நாள் நான் கெடுத்தேன், சரி. இன்னிக்கு யாரு?”

கோவிந்தம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு சுந்தர்ராஜைப் பார்த்தாள். அஹமது பாஷா அதற்கு மேல் கேட்கவில்லை. தாமே ரிசீவரை எடுத்து, ஆர்டரை ராணிப்பேட்டைக்கே கொடுத்துவிடும்படி ஜெர்மனிக்காரனின் ஏஜெண்டுக்குச் சொன்னார்.