நிக்க வச்சுக் கொண்டுபோன பீரோ

முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சித்த நேரம் சாஞ்சிருந்தேன். மச்சினன் போன்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தாரு. வைகை அணைக்குள்ள தண்ணி வத்தின பக்கம் வண்டல் அள்ளிக்கிட்டிருக்காக. ஜேசிபி தூக்குன மண்ணோட சேர்ந்து ஒரு இரும்புப் பீரோ மேல வருது. ஒரு கதவு இல்ல, இன்னொரு கதவுல கண்ணாடி மாட்டுற சட்டம் மட்டும் தொங்குது. சுத்தி நிக்கிற இளவட்டங்க "உள்ள நகை இருக்கும்டா, நெம்புடா"ன்னு கூப்பாடு போடுறாங்க.

சாஞ்சிருந்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டேன். போன் கையவிட்டுத் தரையில விழுந்துச்சு. வீட்டுக்காரி ஓடியாந்து "என்னங்க, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா?"ன்னு பதறுறா. "ஒண்ணுமில்ல, பீரோ"ன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பாத்துட்டு மாத்திரை போட்டீகளான்னு கேட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. பீரோவப் பாத்து மூச்சு வாங்குற மனுசன ஊர் உலகத்துல யாரு கண்டா?

அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு ஸ்குரு முறுக்குனவன் நான்தான். அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல, ஆண்டிபட்டியில ஒரு பீரோ கடையில வேலை. கடைக்குள்ள நுழைஞ்சாலே புது பெயிண்ட் வாடை குப்புனு மூக்குல ஏறும். அந்த வாடை சோத்துலயும் வரும், தலகாணியிலயும் வரும். இன்னைக்கும் யாராவது இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சா எனக்குப் பசிக்க ஆரம்பிச்சிரும். எங்க கடையில ஒரு பழக்கம் இருந்துச்சு. பீரோவ எறக்கி வீட்டுல நிறுத்தி, கால் ஆடாம முட்டுக் குடுத்து, அப்புறந்தான் சாவிய வீட்டுக்காரக கையில குடுக்கணும். அந்தச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுக் கூடவே போற உத்தியோகம் எனக்கு. பெரிய கலெக்டர் மாதிரி நடப்பேன்.

அணைக்கு அந்தப் பக்கம் சில ஊர்களுக்கு அப்ப வண்டிப் பாதை கிடையாது. பரிசல்தான். கட்டில், டிரங்குப் பெட்டி, கிரைண்டர்னு எத்தனையோ தடவை அதுல போயிருக்கேன். மூங்கில் பின்னி, சாக்கு ஒட்டித் தார் பூசின வட்டப் பரிசல். வெயில் ஏறினா தார் இளகி வேட்டியில ஒட்டும். ஒருக்கா ஒரு ஆட்டுக்கிடா என் மடியிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. எந்திரிச்சா பரிசல் ஆடும்னு அக்கரை போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். நீச்சல் தெரியுமான்னு கேக்குறீகளா? எனக்குக் கிணத்தை எட்டிப் பாத்தாலே தலை சுத்தும்.

நம்ம பக்கத்துக் காத்து உங்களுக்குத் தெரியாததா? ஆனி பொறந்துட்டா கம்பம் பள்ளத்தாக்கு வழியா வர்ற காத்து ஆண்டிபட்டியில ஆளை நிக்க விடாது. டீ கிளாசுல பாதி மண்ணு. எங்க கடை போர்டு ஒருநாள் பறந்துபோய் எதுத்தாப்புல இருந்த சலூனுக்குள்ள விழுந்துச்சு. தரையிலயே இப்படின்னா, தடுக்க ஒரு மரம் மட்டை இல்லாத அணைத் தண்ணியில எப்படி இருக்கும்? காலையில கம்முனு கிடக்கிற தண்ணி உச்சிப்பொழுதுக்கு எந்திரிச்சு நிக்கும்.

ஒரு வருசம் ஆனிக் கடைசி முகூர்த்தத்துல ஒரு கல்யாணம். அணைக்கு இங்கிட்டு இருந்த சின்ன ஊர்ப் பொண்ணு, பேரு செல்வி. அப்பா இல்ல. அம்மா பேச்சியம்மா. மாப்பிள்ளை ஊரு அக்கரையில. ஊர்ப் பேரு வேணாம், அவுக பிள்ளைக இப்பவும் அங்கன இருக்காக. அந்த ஊருக்கு வாழ்க்கைப்படுற பொண்ணு முதநாளே சீரோட தண்ணி வழியா வரணும். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோட கரையில நின்னு எதுத்துக் கூப்பிடுவாக. அதான் வழக்கம்.

பீரோ வாங்குனது செல்வியோட தாய்மாமன் மொக்கச்சாமி, பேச்சியம்மாவுக்குத் தம்பி. செல்விக்கு மூத்தவ கல்யாணத்துல அவரு ஒத்தச் சில்வர் குடத்தோட வந்தாருன்னு அந்தச் சம்பந்தி வீட்டார் பந்தியில வச்சுச் சிரிச்சிருக்காக. அது அவரு நெஞ்சுல முள்ளாட்டம் தச்சுப்போச்சு. வாயக் கட்டி வயித்தக் கட்டி, ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வச்ச பச்சைப் பீரோ வாங்கிட்டாரு. கடையில நாளுக்கொருக்கா வந்து அந்தக் கண்ணாடியில மீசையத் தடவிப் பாத்துட்டுப் போவாரு.

பரிசல்காரர் வீரணன் வெள்ளனே கிளம்பிருவோம்னுதான் சொன்னாரு. காலையில ராகுகாலம், அப்புறம் எமகண்டம்னு தள்ளித் தள்ளி உச்சிப்பொழுது ஆயிருச்சு. அதுக்குள்ள காத்து கிளம்பிருச்சு. வீரணன் பீரோவப் பாத்தாரு, தண்ணியப் பாத்தாரு.

"அண்ணே, இதப் படுக்கப் போட்டுத்தான் கொண்டு போகணும். நிக்க வச்சா காத்து வாங்கிச் சாஞ்சிரும்."

மொக்கச்சாமிக்கு வந்துச்சே கோவம்! "படுக்க வச்சுக் கொண்டு போறது பொணத்தய்யா. என் அக்கா மக சீரு நின்னுக்கிட்டுத்தான் வரும். கண்ணாடி அக்கரைக்குத் தெரியணும்."

பேச்சியம்மா "ஏலே, அவரு சொல்றதக் கேளுடா"ன்னாக. கேக்கல. பீரோவ நடுவுல நிறுத்தி, கண்ணாடிய அக்கரைப் பக்கம் திருப்பி, ஆடாம இருக்க அதோட முதுகுல தன் முதுகச் சாய்ச்சு உக்காந்தாரு. பீரோவையும் தன் நெஞ்சையும் சேர்த்து நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டாரு. எனக்கு அது சரியாப் படல. ஆனா தாய்மாமன்கிட்ட கல்யாணத்துக்கு முதநாள் வாயக் குடுக்க யாருக்குத் தைரியம் இருக்கு? சாவிக்காரன் சாவியோட இருந்துக்கிட்டேன். செல்வி, பேச்சியம்மா, அண்டா குண்டா, குத்துவிளக்கு, மாப்பிள்ளைப் பட்டுவேட்டி வச்ச தட்டு எல்லாம் ஏறுச்சு.

முக்காவாசித் தூரம் போயிட்டோம். அக்கரையில மேளக்காரர் நிக்கிறது தெரியுது, கண்ணாடி வெயில்ல பளிச் பளிச்சுன்னு அடிக்குது. மொக்கச்சாமி "தெரியுதா, அங்கன எல்லாரும் பாக்குறாகளா?"ன்னு திரும்பாமலே கேட்டுக்கிட்டு வாராரு. செல்வி "பாக்குறாக மாமா"ன்னு சிரிச்சுச்சு. அப்பத்தான் மேற்க இருந்து சாரலும் காத்தும் ஒண்ணா வந்துச்சு.

நான் பாத்த காத்துலயே அதுமாதிரி ஒண்ணு கிடையாது. பரிசல் ஒரு சுத்துச் சுத்துச்சு. தண்ணி எகிறி உள்ள விழுகுது. பீரோவோட அகலப் பக்கம் காத்துல மாட்டி அப்படியே சாயுது, பரிசலோட ஒரு விளிம்பு தண்ணி மட்டத்துக்குப் போயிருச்சு. நான் கையில கிடைச்சதக் கட்டிப்பிடிச்சேன். அப்புறம் பாத்தா அது குத்துவிளக்கு. விழுந்தா என்னையும் முந்திக்கிட்டு அடியில போறது அதுதான்.

"தள்ளுங்க! பீரோவத் தண்ணியில தள்ளுங்க!"ன்னு வீரணன் கத்துறாரு.

"நான் கட்டியிருக்கேன்யா!"ன்னு மொக்கச்சாமி கத்துறாரு.

அப்பத்தான் எங்க எல்லாருக்கும் உறைச்சுச்சு. பீரோ போனா மனுசனும் போவாரு. ஈரத்துல கயிறு இறுகிப்போச்சு, முடிச்சு விரலுக்கு மசியல. பீரோ விளிம்பு மேல சாஞ்சிருச்சு, மொக்கச்சாமியோட கால் ரெண்டும் தரையை விட்டு மேல தூக்கிருச்சு. வானத்தப் பாத்துக்கிட்டுக் கிடக்காரு. ஐயோ, அந்த முகம்!

பேச்சியம்மா அண்டாவுக்குள்ள கைய விட்டு, சீருக்கு வச்சிருந்த புது அரிவாமணைய உருவினாக. முட்டி போட்டுத் தவழ்ந்து போய், "அசையாதடா"ன்னு சொல்லிட்டு, கயித்துல போட்டு அறுத்தாக. பரிசல் ஆடுற ஆட்டத்துல கயிறு எது, கை எதுன்னு தெரியல. கயிறும் அந்துச்சு, தம்பியோட தோள்பட்டைக்குக் கீழ சதையும் கிழிஞ்சுச்சு. பீரோ ஒரே சரிவாச் சரிஞ்சு உள்ள போச்சு. பாரம் போன வேகத்துல பரிசல் துள்ளி நிமிர்ந்துச்சு, மொக்கச்சாமி குப்புற விழுந்தாரு. எங்க கால் மிதிச்ச தண்ணியெல்லாம் செகப்பு.

செல்வி தட்டுல இருந்த மாப்பிள்ளைப் பட்டுவேட்டிய எடுத்துச்சு. பல்லுல கடிச்சு ரெண்டாக் கிழிச்சு மாமன் கையில சுத்துச்சு. "வேணாந்தாயி, மாப்பிள்ளை வேட்டி"ன்னு அவரு முனகுறாரு. அது காதுலயே வாங்கல.

எப்படிக் கரை சேந்தோம்னு எனக்குத் தெரியாது, வீரணனைத்தான் கேக்கணும். நாங்க கிட்டப் போகவும் மேளம் நின்னுபோச்சு. நடந்தது பூராவும் அவுக கரையில நின்னு பாத்திருக்காக. மாப்பிள்ளையோட அப்பா கணுக்கால் தண்ணியில இறங்கி வாராரு. கை குடுத்துத் தூக்கிவிட வாராருன்னு நான் கைய நீட்டினேன்.

"பீரோ எங்க?"ன்னாரு.

நான் சரியாத்தான் கேட்டேனான்னு எனக்கே சந்தேகம். ஒரு மனுசன் ரத்தம் சொட்டச் சொட்ட எதுத்தாப்புல கிடக்கான், முதல்ல வந்த கேள்வி இதுதான். அதக் கூட விடுங்க. மொக்கச்சாமி தட்டுத் தடுமாறி எந்திரிச்சு, கட்டுப்போட்ட கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டாரு. "மன்னிச்சிருங்க சம்பந்தி. ஆவணிக்குள்ள வேற வாங்கித் தந்துர்றேன். அதுவும் கண்ணாடி வச்சதுதான்."

செல்வி ஒரு காலத் தண்ணிக்குள்ள வச்சிருச்சு. அந்தக் காலை எடுத்துத் திரும்பவும் பரிசலுக்குள்ள வச்சுச்சு.

"வீரண்ணே, பரிசலத் திருப்புங்க."

"ஏய் கிறுக்கி, என்ன பேசுற?"ன்னு பேச்சியம்மா அலறுனாக.

"அந்தாளப் பாரு ஆத்தா."

நாங்க எல்லாரும் பாத்தோம். மாப்பிள்ளை மேளக்காரர் பக்கத்துல நிக்கிறாரு. பொண்ணப் பாக்கல. மாமன் கையையும் பாக்கல. பீரோ முங்குன இடத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

அந்தக் காத்துல திரும்ப முடியாதுன்னு வீரணன் சொல்லிட்டாரு. அதனால பரிசலவிட்டு இறங்காமலே கரையோரம் உக்காந்திருந்தோம். அந்த ஊர் ஆளுக ஒவ்வொருத்தரா வந்து கெஞ்சுறாக, அதட்டுறாக. பந்தல் போட்டாச்சு, பந்திக்கு உலை வச்சாச்சுங்கிறாக. ஒரு பொம்பளை கண்ணீர் விட்டே கேட்டுச்சு. செல்வி முழங்கால்ல முகத்தை வச்சுக்கிட்டு உக்காந்தது உக்காந்ததுதான். பொழுது சாயக் காத்து அடங்கவும் கிளம்பினோம். போகையில எங்களக் கொல்லப் பாத்த தண்ணி, வரையில ஒரு சத்தம் காட்டல.

நம்ம கரையில இறங்கி மொக்கச்சாமி நின்னாரு. அக்கா மகளத் தூக்கிக் கொஞ்சுவாரு, என்னைய விட்டுக்குடுக்கலையே ஆத்தான்னு அழுவாருன்னு நினைச்சேன்.

"பீரோ போனாப் போகுது. மிச்சச் சீரையாவது கரையேத்தியிருக்கலாம்ல? என்னைய ஊர் முன்னால இப்படிக் கேவலப்படுத்திட்டியே"ன்னாரு. கட்டுப்போட்ட கையப் பிடிச்சுக்கிட்டு நடந்துட்டாரு.

அதுதான் அவரு செல்விகிட்ட பேசுன கடைசிப் பேச்சு. நம்புவீகளா? ரெண்டு வருசங் கழிச்சு ஜெயமங்கலத்துப் பையன் ஒருத்தரு செல்வியக் கட்டினாரு. நல்ல மனுசன், செல்வி ஊருலயே வந்து இருந்துக்கிட்டாரு. அந்தக் கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை வந்துச்சு, தாய்மாமன் வரல. யாரு உசுருக்காக அந்தப் புள்ள கல்யாணத்தையே வேணாம்னுச்சோ, அந்த மனுசனே இப்படிப் பண்ணாரு. அன்னைக்கு அடிச்ச காத்து கூட என்னைய இவ்வளவு திகைக்க வைக்கல.

இப்ப அக்கரைக்குத் தார்ரோடு போயிருச்சு. பொண்ணு ஏசி காருல கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டுப் போகுது. சீரு முந்தியே வேன்ல போயிருது, இல்லாட்டி அலமாரியச் சுவத்தோட சேர்த்தே அடிச்சிர்றாக. எங்க கடை இருந்த இடத்துல செல்போன் விக்கிறாங்க. வீரணனோட பரிசல், அந்தத் தார் வாடை எதுவும் இல்ல. போன வருசம் பேரப்பிள்ளைக தேக்கடியில படகுல போகலாம்னு கூப்பிட்டுச்சுக. நான் கரையிலயே உக்காந்து கடலை தின்னேன்.

மனசு கேக்காம நேத்து பஸ் ஏறிச் செல்வி வீட்டுக்குப் போனேன். தலையில நரை விழுந்துருச்சு, சிரிப்பு அப்படியேதான் இருக்கு. மொக்கச்சாமி தை மாசம் தவறிட்டாருன்னு அது சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசியிலயாவது பேசுனாரான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுச்சு. எனக்குப் பொறுக்கல. "என்ன மனுசன் ஆத்தா அவரு? உனக்கு வருத்தமா இல்லையா?"ன்னு கேட்டுட்டேன்.

"பேசாட்டிப் போறாகண்ணே. பின்னால தெருதான அவுக வீடு. விடியக்காலம் அவுக இருமுறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும். மாமா இருக்காகன்னு நினைச்சுக்கிட்டுத்தான் தினமும் அடுப்பப் பத்த வப்பேன்"னுச்சு. டீத்தண்ணிய என் கையில குடுத்துட்டு, பின்பக்கத்து ஜன்னலப் பாத்தபடிக்கே சொல்லுச்சு.

"தை மாசத்துல இருந்து அந்தச் சத்தமும் இல்ல."