பெயர் ஏறாத மூன்று வருடம்

ஸில்மியா மூன்று வருடமாக மாத்தளை டவுனில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு வேலை கிடையாது. இந்த வித்தையைச் செய்து காட்டப் பட்டதாரிகளால் மட்டும்தான் முடியும்.

மாமாவின் போன் கடையில் பில் போட்டாள். பெயர் எங்கேயும் இல்லை. பக்கத்து நர்சரியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். அங்கேயும் 'வந்து போகிற மிஸ்'. எல்லாம் வாப்பா ஜிப்ரி போட்ட சட்டம். ஊழியர் சேமலாப நிதியில், அதாவது ஈ.பி.எஃப்.பில், பெயர் ஏறிவிட்டால் அரசாங்க நியமனம் கிடைக்காது என்று அவருக்கு ஒரு பயம். யார் சொன்னார்கள் என்று கேட்டால், த்ரீவீல் ஸ்டாண்டில் எல்லாரும் சொன்னார்கள். அவரும் அந்த ஸ்டாண்டில்தான் த்ரீவீல் ஓட்டுகிறார். அதற்கு மேல் அவருக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

"ஈ.பி.எஃப். பாரத்தில மட்டும் கை வெச்சிடாதீங்க மகள். கெம்பஸ் போனது, நாலு வருஷம் படிச்சது, எல்லாம் அதோட முடிஞ்சி."

அதனால் பல்லேபொலயில் ஒரு மிளகுக் கம்பெனி தோட்டங்களை அளக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், ஸில்மியா வாப்பாவிடம் மூச்சு விடாமல் பஸ் ஏறிவிட்டாள். புவியியல் பட்டம் கேட்டிருந்தார்கள், இருந்தது. சிங்களம் கேட்டிருந்தார்கள், அதுவும் இருந்தது. செய்மதியை வைத்து நிலம் அளப்பது எப்படி என்று பரீட்சையில் பன்னிரண்டு பக்கம் எழுதி 'ஏ' எடுத்தவள் அவள். அளக்கிற கருவியை மட்டும் தொட்டதில்லை. கெம்பஸில் அறுபது பேருக்கு ஒன்றே ஒன்று இருந்தது; இவள் முறை வந்த அன்றைக்கு அதில் பேட்டரி இல்லை.

கம்பெனி மேற்பார்வையாளர் ரமேஸ் அவள் கையில் ஒரு போனைக் கொடுத்தார். "ஸ்டார்ட் அமுக்கிட்டு, பொன்னையா அண்ணன் தோட்டத்து வேலியோட ஒரு சுத்து நடந்துட்டு வாங்க மிஸ். அளவு அதுவே காட்டும்."

அமுக்கினாள். எங்கே என்றால், ஆபீஸ் இருந்த சந்தியிலேயே. அங்கிருந்து ரோட்டால் நடந்து, தோட்டத்தைச் சுற்றி, வயல் வரப்பால் சந்திக்குத் திரும்பி வந்தாள். தோட்டக்காரர் பொன்னையாவும் ஆசையோடு பின்னாலேயே வந்தார்.

"எவ்வளவுங்க மிஸ் வந்திருக்கு?"

"ஏழு ஏக்கர்."

பொன்னையா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா ஒன்றரைன்னுல்ல சொல்லிட்டுச் செத்தாரு!"

ரமேஸ் போனை வாங்கிப் பார்த்தார். "இதுக்குள்ள கோயிலும் இருக்கே."

"அப்ப பூசாரிகிட்ட வாடகை கேக்கலாங்களா?"

ஸில்மியாவுக்குக் காது சுட்டது. செய்மதியில் கோளாறு என்று ஒரு புளுகு நாக்கு நுனிவரை வந்து நின்றது. அங்கிருந்த மூன்று பேரில் செய்மதியைப் படித்தவள் அவள் ஒருத்திதான். எதைச் சொன்னாலும் எடுபட்டிருக்கும். விழுங்கிவிட்டாள்.

"சேர், இத நான் எழுதித்தான் இருக்கேன். கையால செஞ்சதில்ல. இன்னொருக்காப் போய்ட்டு வாறேன்."

இந்த முறை வேலி மூலையில் நின்று அமுக்கினாள். ஓடைப் பக்கம் வேலி இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடந்தாள். திரும்பி வந்தபோது போன் ஒன்றே கால் ஏக்கர் காட்டியது.

"எங்க பழைய பேப்பர்லயும் ஒன்றரைன்னுதான் இருக்கு" என்று ரமேஸ் தலையைச் சொறிந்தார். "எந்தத் தோட்டத்த அளந்தாலும் இப்படித்தான் கொறையுது. மூணு மாசமா மண்டை காயுது."

"பழைய ஆக்கள் சரிவோட சரிவா நாடாவப் போட்டு அளந்திருப்பாங்க சேர். மேடு பள்ளம் எல்லாம் சேந்து கூடிக் காட்டும். போன் மேலருந்து பாக்குது. அதான் வித்தியாசம்."

ரமேஸ் அவளையும் எதிரே தோட்டம் இருந்த மலைச்சரிவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழுல இருந்து ஒன்னே காலுக்குக் கொண்டாந்துட்டாங்க" என்று பொன்னையா புலம்பினார். "படிச்சவங்க படிச்சவங்கதான்."

ரமேஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஈ.பி.எஃப். "இது இல்லாம நாங்க ஆள் எடுக்கிறதில்ல மிஸ்."

வாப்பாவுக்கு ஒளித்துக் கையெழுத்துப் போட அவளுக்கு மனமில்லை. அவருக்கே போன் எடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் ஜிப்ரியின் த்ரீவீல் வாசலில் வந்து இரைந்தது.

"கை வெச்சிட்டீங்களா?"

"இல்ல வாப்பா. சொல்லிட்டு வெப்பம்னு இருக்கேன்."

"நாளைக்கே அரசாங்கம் கூப்பிட்டா?"

"மூணு வருஷமா நாளைக்குத்தான் கூப்பிடுறாங்க. வேல இல்லாம இருக்கிறதே என்ட வேலையாப் போச்சு. இங்க எனக்குத் தெரியாதது நெறைய இருக்கு வாப்பா. ஆனா இன்னைக்குக் காலையில தெரியாத ஒன்னு இப்ப தெரியும்."

ஜிப்ரி மகளின் காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸில்மியா குனிந்து பெயரை எழுதினாள், அடையாள அட்டை இலக்கத்தை எழுதினாள், ஒப்பமிட்டாள். கடைசியில் ஒரு கட்டம்: தனக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் யாருக்கு? யோசிக்காமல் வாப்பாவின் பெயரை எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "என்ட பேர் என்னத்துக்கு? நான் ஒங்களுக்கு முந்தியே மவுத்தாகிடுவேன்."

"அப்ப வெட்டிட்டு உம்மாட பேரப் போடவா?"

ஜிப்ரி சாவியைத் தேடுகிறவர்போல் சட்டைப் பையைத் தடவினார். சாவி வண்டியிலேயே இருந்தது.

"எழுதினது எழுதினதுதானே" என்றார். "வெட்டினா அசிங்கமா இருக்கும்."