மழை கழுவாத உப்பு

நான் பொய் சொன்னேன். மறதியில் சொன்னதல்ல, பயத்தில் உளறியதுமல்ல. சஜியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, பிசிறில்லாத மலையாளத்தில் சொன்னேன்: "நான் அப்படிச் சொல்லவே இல்லை."

அந்த ஒரு வாக்கியத்தில் அவன் வேலை போயிற்று.

தயவுசெய்து என்மேல் இரக்கப்படாதீர்கள். எனக்குக் கோபம்தான் இருக்கிறது. என்மேல், என் மேலாளர்மேல், ஏன், இன்றைக்கும் அந்தச் சஜியின்மேலும்கூட...

தொண்ணூறுகளின் கடைசி அது. சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய விமான நிலையத்தில் எங்கள் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு சிறிய விமானம். இரண்டு டர்பைன் எஞ்சின்கள். பணக்காரர்களைக் கொச்சிக்கும் மாலத்தீவுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவரும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, எஞ்சின் பராமரிப்புச் செலவைத் திட்டமிடும் வேலைக்கு நான் அங்கே சேர்ந்தேன்.

விமானம் வாங்குவதுதான் பெரிய செலவு என்று நினைப்பீர்கள். இல்லை. வாங்கிய பிறகுதான் எஞ்சின் தின்னத் தொடங்கும். பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் தின்னும், கிளப்பி நிறுத்துகிற ஒவ்வொரு முறைக்கும் தின்னும். குறித்த ஆயுள் முடிந்ததும் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பி, முழுவதும் பிரித்துச் சரிசெய்து வாங்க வேண்டும். அந்தச் செலவுக்கு நகரத்தின் நடுவில் வீடுகளே வாங்கலாம். கெடுவுக்கு முன்பே பழுதானால் கம்பெனி ஆட்டம் கண்டுவிடும்.

என் அப்பா பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் மாவாட்டுகிறவர். தென்காசியிலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார்: "எம் மவதான் ஏரோப்ளேனுக்குச் செலவு கணக்குப் போடுதா. தெரியும்லா?" கல்லாவில் இருப்பவர், "அப்படின்னா நம்ம கிரைண்டரையும் பாக்கச் சொல்லுவே, சத்தம் போடுது" என்பார். அப்பா சிரிக்கமாட்டார். அந்தப் பெருமையைக் கேலி தொடக்கூடாது அவருக்கு.

எனக்கும்தான்.

இனி உப்புக்கு வருகிறேன். கடலோரத்தில் பறக்கும் எஞ்சின் காற்றோடு உப்பையும் உறிஞ்சும். உள்ளே சுழலும் தகடுகளில் அது படியும், அரிக்கும். அதனால் அன்றைய கடைசிப் பயணம் முடிந்ததும் எஞ்சினை எரியவிடாமல் சும்மா சுழற்றி, தாது நீக்கிய தண்ணீரை உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு சிறிது நேரம் ஓடவிட்டு உலர்த்த வேண்டும். இரண்டு ஆள், கேன் கேனாக விலைத் தண்ணீர், உலர்த்த எரிபொருள். எங்கள் சின்னக் கம்பெனியில் அதற்குக் கையெழுத்து வாங்கும் ஏற்பாடுகூட இல்லை. தினமும் செய்தார்கள், அவ்வளவுதான்.

கழுவுகிறவன் சஜி. என் வயதுதான். டெக்னீஷியன், விமானப் பராமரிப்பு லைசன்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் நான் நுழைந்தால் போதும், ஸ்பானரைத் தட்டிக்கொண்டே அறிவிப்பான்: "வழி விடு, வழி விடு, பாண்டி மேடம் வருந்நு!" எல்லாரும் சிரிப்பார்கள். பாண்டி... இந்த ஊரில் தமிழாளுக்கு வைத்திருக்கும் பெயர். பள்ளியில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், படித்து வேலைக்கு வந்த இடத்திலும் கேட்டேன். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு மேசைக்கு வந்து பென்சிலை அழுத்தி ஒடிப்பேன்.

ஒருநாள் மேலாளர் கூப்பிட்டார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். "எங்கேயாவது செலவைக் கொறைச்சுக் காட்டு குட்டி. முதலாளி பிராணனை எடுக்கறார்" என்றார்.

எங்கே குறைப்பது? வெளியே மழைக்காலம் தொடங்கியிருந்தது. சாலைக் கடைவீதிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது. மழை வந்தால் அம்மா குழாயடிக்குப் போகமாட்டாள். பாத்திரங்களை ஓட்டுச் சாய்ப்பின் கீழே பரப்பிவிடுவாள், வானமே கழுவிக் கொடுக்கும். அந்தப் பாத்திரக் கணக்கைத்தான் நான் எஞ்சினுக்குப் போட்டேன்! இவ்வளவு மழையில் காற்றில் உப்பு எங்கே இருக்கப்போகிறது என்று... உண்மையில் மழைக்காலத்துக் கடல்காற்றுதான் உப்பை அள்ளிக்கொண்டு வரும். கையேட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. எனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

டூல் ஸ்டோர் வாசலில் நின்ற சஜியிடம் போய், மழை ஓயும்வரை வாரம் ஒருமுறை கழுவினால் போதும் என்றேன்.

"மேனேஜர் பறஞ்ஞதா?"

"நான் சொல்றேன். போதாதா?"

அவன் தோளைக் குலுக்கினான். "மேடம் சொன்னா மதி. வேலை கொறஞ்சா எனிக்கு சந்தோஷம். எஞ்சின் குளிக்காட்டி நாறாது, அல்லே?"

தண்ணீர்ச் செலவு இறங்கியது. மேலாளர் என் மேசைவரை வந்தார். "பேஷ். நன்னாப் பண்ணியிருக்காய், கேட்டியா." எப்படி என்று அவர் கேட்கவில்லை. அன்று மாலை அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கினேன்.

மழை ஓய்ந்தபின் எஞ்சின்களுக்குள், உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாயை நுழைத்துச் சோதித்தார்கள். தகடுகளில் அரிப்பு. அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக. ஆயுள் பாதிகூட முடியாத எஞ்சின்களை உடனே கழற்றி அனுப்ப வேண்டும் என்றார் பொறியாளர். அந்த எஞ்சின்களை நம்பி எத்தனை பேர் கடலைத் தாண்டியிருக்கிறார்கள் என்று அப்போதும் நான் நினைக்கவில்லை. என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

மேலாளர் அறையில் நாங்கள் மூன்று பேர். "ஏண்டா கழுவலை?" என்றார் அவர்.

"மேடம் பறஞ்ஞு சார், ஆழ்ச்சைக்கு ஒரு தடவை மதின்னு."

மேலாளர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தண்ணீர்ச் செலவு ஏன் இறங்கியது என்று அந்த நொடியில் அவருக்கு முழுவதும் விளங்கிவிட்டது. என்னை மாட்டிவிட்டால், என்னைப் பாராட்டிய அவரும் மாட்டுவார். கேள்வியை எவ்வளவு மெதுவாகக் கேட்டார் தெரியுமா? "நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய், இல்லையா?"

கதவைத் திறந்துவைத்தார். தலையை ஆட்டி நான் நுழைந்துகொண்டேன்.

அப்பாவின் முகம் குறுக்கே வந்தது என்று சொன்னால் நம்புவீர்கள், மன்னிக்கவும் செய்வீர்கள். அதுவும் வந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. பாண்டி மேடம்... அந்தச் சிரிப்பு, அந்த ஸ்பானர்ச் சத்தம். இப்போது சிரி பார்க்கலாம் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள்.

சஜி என் பக்கம் திரும்பினான். என்னையே பார்த்தான். "மேடம்... அன்னிக்கு டூல் ஸ்டோர் வாசல்ல நின்னு சொன்னீங்களே?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

அவனை அனுப்பிவிட்டார்கள். அலட்சியத்துக்காக நீக்கப்பட்டவனுக்கு வேறெந்த ஹேங்கரும் கதவைத் திறக்காது. லைசன்ஸ் கனவும் அங்கேயே முடிந்தது. "திமிர் பிடிச்ச பயல், விடு" என்றார் மேலாளர். அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு. ஹேங்கரில் யாரும் என்னைப் பாண்டி என்று சொல்லவில்லை. பேசவே பயந்தார்கள். இதைத்தானே கேட்டாய் என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்...

சில ஆண்டுகள் கழித்து, கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. அலுவலகத்துக்கு மென்பொருள் பயிற்சிக்காகப் போனேன். மின்சாரம் போயிற்று, பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. இடைவேளையில் வெளியே வந்தால், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி சஜி. திரும்பி நடந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டான்.

"மேடம், சுகம்தன்னே?"

தலையாட்டினேன்.

"நான் ரொம்ப நாள் ஆலோசிச்சேன் மேடம்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க அவ்வளவு உறப்பா சொன்னீங்க. அப்பறம் எனக்கே சம்சயம். ஒருவேளை வேலை செய்ய மடிச்சு, சோம்பல்ல நானே மனசுல அப்படி உண்டாக்கிட்டேனோன்னு. எங்க அம்மாவும் அதுதான் சொல்லுச்சு."

வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். சொந்தக் காதில் கேட்டதையே நம்பமுடியாத ஒருவனாக அவனை ஆக்கியிருக்கிறேன்! "இல்லை சஜி, நான் சொன்னேன்." இவ்வளவுதான் வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மறுபடி பேசினான். "பின்னே... அன்னு பாண்டின்னு விளிச்சதுக்கு சாரி, கேட்டோ. சின்னப் பிராயம். தமாஷுன்னு நெனச்சேன்."

"பரவாயில்லை" என்றேன்.

பரவாயில்லை! பெரிய மனது பண்ணி நான் அவனை மன்னித்தேன். அவன் முகம் தெளிந்தது. கையை மீண்டும் ஒருமுறை துடைத்துவிட்டு ஜெனரேட்டர் பக்கம் போனான்.

இதையெல்லாம் முகம் தெரியாத எங்களிடம் சொல்கிறாயே, அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். கழக்கூட்டம் இங்கிருந்து ஒரே பஸ். அவன் நிற்கும் வாசலும் எனக்குத் தெரியும். அவன் சொன்ன 'சாரி' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.