தங்கம் பூசிய கிரீடம்

என் சித்தி பதினோரு வருடமாக வீட்டிலேயே கேக் அலங்காரம் செய்கிறாள். ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் பொம்மைகள் செய்து, காய்ந்ததும் உண்ணக்கூடிய தங்கநிறப் பொடியை எசென்ஸில் குழைத்துப் பூசுவாள். அன்று பொடி தீர்ந்துபோனதால், கைவினைக் கடையில் வேறொரு டப்பா வாங்கிவந்து, ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் வைக்கும் சர்க்கரைக் கிரீடத்துக்குப் பூசினாள். இதுவரை வராத பளபளப்பு. அந்தச் சந்தோஷத்தில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கேக் போன பிறகு நான்தான் பார்த்தேன். ‘அலங்காரத்துக்கு மட்டும், உண்ணக் கூடாது’ என்று போட்டிருந்தது.

“சித்தி, இதைப் படிச்சியா?”

“அட போடி, கிரீடத்தை எவ திம்பா? எடுத்து வெச்சுட்டுத்தான் வெட்டுவாங்க.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை பிறந்தநாள் குழந்தையின் அம்மா சிரித்தபடி பேசினாள்.

“வெட்டவே விடலக்கா! பாப்பா கிரீடத்தைப் பிடுங்கி முழுசா தின்னுட்டா. வாயெல்லாம் தங்கம்!”

சித்தி சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“சிரிக்காதம்மா. அது திங்கற பொடி இல்ல, தப்பு என்னுது. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நான் டப்பாவோட அங்க வர்றேன்.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. குழந்தை விடாமல் இருமுவது மட்டும் கேட்டது.