லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?

புது கார் வாங்கினால், உட்கார சௌகரியமாக இருக்கிறதா என்று நம் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. கதவைத் திறக்கும் முன்பே ஒரே கேள்விதான்: "எவ்ளோ குடுக்குது?" வாசலில் பசு மாட்டைக் கட்டியிருப்பது போலவும், அது தினமும் கறப்பது போலவும். குடிப்பது அது, கொடுப்பது நாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

கார் வாங்கியதே அக்காவுக்காக. பக்கவாதம் வந்ததில் அவளுடைய இடது கை விழுந்துவிட்டது. பேச்சிலும் நாலைந்து சொல்தான் மிச்சம். பாலவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். மகனும் மருமகளும் காலையிலேயே தரமணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். முதல் சில மாதங்களில் கை எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் லாபம், விட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் மயிலாப்பூரிலிருந்து போய், அவளை ஏற்றிக்கொண்டு, அடையாறில் பிசியோதெரபி முடித்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, திட்டு வாங்கி, இதற்காகவே கற்றுக்கொண்டேன்.

என் கணவருக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. அளவு என்றால் அவருக்கு அளவுதான். மீட்டர் கோலில் ஒரு விரற்கடை குறைந்தாலும் சண்டை போடுகிறவர். ஷோரூமில் அவர் சின்ன டீசல் கார் கேட்டார். "அதெல்லாம் நிறுத்திட்டாங்க சார், புது ரூலுக்கு ஏத்த மாதிரி பண்ணினா விலை கட்டுப்படி ஆகலை" என்று விற்பனைப் பையன் இந்த பெட்ரோல் காரைக் காட்டினான். "ஒரு கம்பெனி விக்கிற எல்லா வண்டியும் சேர்ந்து சராசரியா இவ்ளோதான் குடிக்கலாம்னு கவர்மென்ட் சொல்லியிருக்கு சார். நீங்க இந்த மாதிரி சின்ன வண்டி எடுத்தாத்தான் எங்களால பெரிய வண்டியையும் விக்க முடியும்" என்றான். அவன் சொன்னதை நான் நன்றாக வாங்கி வைத்துக்கொண்டேன். என் கணவர், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி போட்டிருந்த மைலேஜ் எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் ஓட்டியபோது அந்த எண்ணில் பாதிக்குச் சற்று மேலேதான் வந்தது. அவருக்குத் தூக்கம் போயிற்று. பங்கில் டேங்க்கைக் கழுத்து வரை நிரப்புவார். "சார், அதுவே கட் ஆய்டுச்சு, இன்னா சார் இன்னும் ஊத்த சொல்ற?" என்று பங்க் ஆள் அலுத்துக்கொள்வார். இவர் காரைக் குலுக்கிக் குலுக்கி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். பிறகு நான் ஓட்டி முடித்ததும் மறுபடி கழுத்து வரை நிரப்பி, போனில் வகுத்துப் பார்த்து, என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார், என் கணவரின் அண்ணன். அதே கம்பெனியின் பெரிய கார் வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்குள் நுழையாமல் அது முனையிலேயே நிற்கும். "பொம்பளைங்க ஆக்சிலேட்டர்லயும் பிரேக்லயும் ஒண்ணாக் கால் வச்சா எப்பிடிக் குடுக்கும்?" என்று சிரித்தார்.

"உங்க வண்டி குடிக்கிற குடிக்கு, அத்தான், என் வண்டிதான் கவர்மென்ட்டுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கு. சராசரியில நீங்க என் முதுகுலதான் உக்காந்திருக்கீங்க" என்றேன். காபியை அவர் பாதியில் வைத்துவிட்டார். எனக்கு அன்று முழுக்க நல்ல பசி எடுத்தது.

சர்வீஸ் சென்டரிலும், "வண்டியில குறை இல்ல மேடம், ஓட்டுற விதம்தான்" என்றார்கள்.

"இந்த எண்ணை எங்க வச்சு எடுத்தீங்க?"

"லேப்ல மேடம். ரோலர் மேல ஏத்தி ஓட்டுவாங்க."

"ஏசி?"

"ஆஃப்லதான்."

"லஸ் கார்னர் சிக்னல் இருந்துச்சா அங்க?"

சர்வீஸ் சென்டர் ஆள் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

விதியோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டிப்போடாவிட்டால் கம்பெனிக்காரர்கள் கப்பல் கப்பலாக வண்டி செய்து தெருவில் விடுவார்கள், புகையை நாம் மூச்சாக இழுக்க வேண்டும். விதி இன்னும் இறுகட்டும். ஆனால் அந்தப் பரீட்சை கம்பெனிக்கு. ஏசியை அணைத்து, அறைக்குள் வெயில் படாமல், அக்கா இல்லாமல் எழுதி வாங்கிய மார்க்கை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, நீ ஏன் வாங்கவில்லை என்று என்னைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

என் கணவர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "யாரு பேர்ல தப்புன்னு பாத்துருவோம். ஒரு வாரம் நான் ஓட்டுறேன்" என்று கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். கம்பெனி சொன்ன எண் வந்துவிட்டால் கார் இனி அவர் சொல்கிறபடிதான் ஓடும் என்றார். சரி என்று பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

அது மே மாதம். முதல் வேலையாக ஏசியை அணைத்தார். அடையாறு பாலத்தில் ஏறியதும் நியூட்ரலில் போட்டு மறுபக்கம் உருட்டி இறக்கினார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும் ஏற்பாடு ஒன்று அந்தக் காரில் உண்டு. அணையும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு புன்னகை. திருவான்மியூரில் அவர் நகர்ந்த வேகத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா நைனா, ரிப்பேரா? தள்ளிக்கினு போலாமா?" என்று கேட்டார். என் கணவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பாலவாக்கத்திலிருந்து அடையாறு வருவதற்குள் அக்காவின் ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. தலை ஜன்னல் பக்கம் சரிந்தது. பிசியோதெரபிப் பெண் அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். கை துணி மாதிரி விழுந்தது. "ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. இன்னிக்கு வேணாம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றாள். அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவையும். ஒரு வாரம் முழுக்க வீணாயிற்று.

வாரம் முடிந்தது. பங்கில் மறுபடி கழுத்து வரை நிரப்பி வகுத்துப் பார்த்தார். கம்பெனி சொன்னதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ஜெயித்துவிட்டார், உண்மையாகவே ஜெயித்துவிட்டார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தியா? வண்டியில குறை இல்ல" என்றார்.

"வண்டியில குறையே இல்லைங்க" என்றேன்.

மறுநாளும் அவர்தான் ஓட்டினார். பாலவாக்கத்தில் வாசலில் நிறுத்தினோம். அக்கா கோலை ஊன்றி வந்தாள். நான் முன்கதவைத் திறந்தேன். அவள் ஏறவில்லை. குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஏறுங்க மதினி, நேரமாச்சு" என்றார் என் கணவர்.

அக்கா வாயைக் கூட்டினாள். சொல் வருவதற்கு நேரம் பிடித்தது. "எறங்கு" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, மாப்பிள்ளை என்ற மரியாதையில், அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்ததுகூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் போய் அவருடைய கதவைத் திறந்து பிடித்தேன். இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏசியை முழுசாக வைத்தேன். எஞ்சினை அணையவிடாமல் செய்கிற பொத்தானையும் அழுத்தினேன். திருவான்மியூர் சிக்னலில் கார் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

அன்று அவள் இடது கை தோள் உயரம் வரை போயிற்று. பிசியோதெரபிப் பெண் கைதட்டினாள். கதவோரம் நின்ற என் கணவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அடுத்த ஞாயிறு வரட்டும், எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்கட்டும். தோள் வரைக்கும் என்று சொல்வேன்.