நொயெமிக்கு ஒரு சொட்டு

கிராஸ் நகரத்தில் பெலிசியனின் வாசனை நுழையாத வீடு கிடையாது. சோப்பு, தரை கழுவும் திரவம், கழிப்பறைக் கட்டி என்று எங்கள் கம்பெனி அனுப்பிய சரக்குக்கெல்லாம் மணம் சேர்த்தவர் அவர்தான். அடுத்த மேசை என்னுடையது. ஆள் முசுடு. சொட்டுக்குழாயைக் கையில் பிடித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டார்.

அவர் மனைவி நொயெமி வாயாடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதே என்னிடம் ஆரம்பித்துவிடுவாள்.

“ஊர்ல இருக்கற கக்கூஸ் எல்லாம் கமகமன்னு இருக்கு. கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது. கேட்டியாடி இந்த அநியாயத்த?”

“செய்றேன், செய்றேன். அவசரமா செய்ற வேலையா இது?” என்பார் பெலிசியன்.

“கல்யாணத்தன்னைக்கும் இதையேதான் சொன்னே.”

எல்லோரும் சிரிப்போம். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கென்று செய்வது சோப்பு வாசனை மாதிரி இருந்துவிடுமோ என்று பயம்.

பிறகு நொயெமிக்கு வயிற்றில் நோய் வந்தது. மருந்து சாப்பிட்டால் குமட்டல்; காப்பி வாசனையே ஆகவில்லை. பெலிசியன் எங்கள் அலமாரியிலிருந்து புதினா எண்ணெய் கொண்டுபோனார். அதில் மூக்கில் குத்துகிற வகை ஒன்று உண்டு. அவர் எடுத்தது மற்றது: சாதுவானது, லேசான இனிப்போடு, அப்போதுதான் கசக்கிய இலை மாதிரி இருக்கும். கைக்குட்டையில் தொட்டு அவள் மூக்கருகே பிடிப்பார். அப்படிப் பிடித்தால்தான் நாலு கரண்டி சூப்பாவது இறங்கும். நாளாக ஆக திரைச்சீலை, தலையணை, அவருடைய கோட்டு எல்லாம் புதினாவானது. காலையில் அவர் கதவைத் திறக்கும் முன்பே எங்களுக்கு அவர் வந்தது தெரிந்துவிடும். அவருக்கு மட்டும் தெரியவில்லை. கூடவே குடியிருக்கிற வாசனையை மூக்கு கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவளுக்கான வாசனையைத் தொடங்கினார். அடியில் மல்லிகை. அதற்கு ஒரு விடியற்காலைக் குளிர்ச்சி வேண்டுமென்று அதே புதினாவைச் சேர்த்தார். நல்ல யோசனைதான். ஆனால் புதினா மல்லிகைக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்தால் பற்பசை. இதை எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒரு சொட்டு விட்டு முகர்ந்தார், தெரியவில்லை. இன்னொன்று விட்டார். பிறகும் விட்டார்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம். செய்தது எதுவானாலும் காகிதப் பட்டையில் தோய்த்து அடுத்த மேசைக்கு நீட்ட வேண்டும். இன்னொரு மூக்கு முகராமல் எதுவும் வெளியே போகாது. நான் கையை நீட்டினேன். அவர் பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இது சரக்கு இல்லம்மா. என் பொண்டாட்டிக்கு. அவதான் முதல்ல மோந்து பாக்கணும்.”

சரி, போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நொயெமி கோயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாதாவே! ஒரு டியூப் பேஸ்டை அவள் கழுத்தில் பிதுக்கிவிட்ட மாதிரி இருந்தது. முன்வரிசையில் கறிக்கடைக்காரர் மனைவி திரும்பிப் பார்த்தாள். நொயெமி என் தொடையைக் கிள்ளினாள்.

“வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்.”

“அவருக்குத் தெரியலையா?”

“எப்படித் தெரியும்? எனக்கு அந்தத் துணியப் பிடிச்சுப் பிடிச்சே மனுஷனுக்கு மூக்கு செத்துப்போச்சு. சொன்னா உடைஞ்சுபோயிடுவான். எத்தன வருஷம் கேட்டு வாங்கினது! பேஸ்ட்டோ கீஸ்ட்டோ, இது என்னுதுடி.”

கோயிலுக்கு வர முடிந்த கடைசி ஞாயிறுவரை அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். மல்லிகை பூப்பதற்குள் போய்விட்டாள்.

அவள் தங்கை வந்து வீட்டுத் துணியையெல்லாம் துவைத்து, ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டுப் போனாள். வீட்டில் புதினா வாசனை போனதும் அவர் மூக்கு மெல்லத் தெளிந்தது. இலையுதிர்காலத்தில் ஒரு காலை பெலிசியன் அந்தக் குப்பியோடு என் மேசைமுன் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“இது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவளுக்கு?”

“முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா போட்டுக்கிட்டு ஊருக்குள்ள போனா?”

“தலை நிமிர்ந்து போனா” என்றேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த முசுடு மனிதர் எல்லோர் முன்னாலும் அழுதார்.

“மூக்கு நல்லா இருந்தப்பவே செஞ்சிருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு அதைத் திரும்பச் செய்தார், புதினாவை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைத்து. இந்தத் தடவை பட்டையை அவரே நீட்டினார். முகர்ந்தேன். நொயெமி வெளியிலிருந்து சிரித்துக்கொண்டே உள்ளே வந்த மாதிரி இருந்தது. முதலாளி விற்கலாம் என்று குதித்தார். “போட்டுக்க வேண்டியவ இல்லையே” என்று சொல்லி அதை அலமாரியின் பின்பக்கம் வைத்துவிட்டார் பெலிசியன்.

அவர் வைத்துக்கொண்டது அந்தப் பற்பசைக் குப்பியைத்தான். ஞாயிறன்று மட்டும் கைக்குட்டையில் ஒரு சொட்டு தொட்டுக்கொண்டு பூசைக்கு வருவார். பின்வரிசையில் சிரிப்பார்கள்.

“அவ்வளவு ஆசையா இருந்தா தினமும் மோந்து பாக்கலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தினமும் மோந்தா மூக்குக்குப் பழகிடும்மா. அப்புறம் அவ மறுபடியும் எனக்குத் தெரியாம போயிடுவா.”