பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம்

இந்த நாட்டுக் கிரிக்கெட்டில் கைக்கு வந்த பந்தை ஒருவன் நழுவவிட்டால், எதிர்த்தரப்புக்காரன்கூட "பேட் லக்" என்கிறான். சொல்லிவிட்டுத் தன்பாட்டில் நடந்து போகிறான். லண்டனில் என் முதல் கோடையில் இதைக் கேட்டபோது நக்கல் பண்ணுகிறார்கள் என்றுதான் பட்டது. யாழ்ப்பாணத்தில் பிடியை விட்டவனுக்கு மைதானமே பதில் சொல்லும். மதிலில் இருப்பவன் அவனுடைய பரம்பரையை விசாரிப்பான். அடுத்த நாள் தேநீர்க்கடைக்காரர், "என்ன தம்பி, கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே போனனீர்?" என்பார். ஆனால் அந்த ஏச்சில் ஓர் உரித்து இருந்தது. எங்கள் பெடியன் விட்டுவிட்டானே என்ற கோபம் அது. இங்கே கிடைக்கும் இரண்டு சொல்லில் கோபமும் இல்லை, உரித்தும் இல்லை. யோகன் ஒருமுறை சொன்னான்: "ஏசினால் பரவாயில்லை அண்ணை. பாவம் எண்டு பாத்துப்போட்டுப் போறாங்கள். அதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

யோகனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் நானும் அவனும் ஒன்றாக ஷிப்ட் வேலை செய்தோம். ஊரில் என் பள்ளிக்கூடமும் அவனுடையதும் பரம வைரிகள். அவன் 'பொயின்ற்' என்ற இடத்தில், மட்டை பிடிப்பவனுக்குப் பக்கவாட்டில் குனிந்து நிற்பான். அவனைத் தாண்டிப் பந்து போனால் அது அன்றைய பேச்சு. "அந்தப் பக்கம் அடியாதை, பிராந்து நிக்குது" என்று எதிர்த்தரப்பான நாங்களே எங்கள் ஆட்களுக்குக் கத்துவோம். இரையைக் கண்ட பருந்துபோல அவன் பாய்ந்ததை நான் மதிலில் இருந்து கண்டிருக்கிறேன். வாயால் ஏசிக்கொண்டு மனதுக்குள் கைதட்டியிருக்கிறேன்.

எங்கள் சனம் ஓடிவரும்போது எதை விட்டுவிட்டு வந்ததோ தெரியாது, பள்ளிக்கூடத்தை மட்டும் விடாமல் தூக்கிவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கவுன்சில் மைதானங்களில் பழைய மாணவர் அணிகள் ஆடும். படித்த பள்ளிக்குத்தான் ஆடலாம். எங்கும் எழுதி வைத்ததில்லை, மீறியவரும் இல்லை. யோகனும் தன் பள்ளி அணியில் சேர்ந்தான். ஆனால் இங்கே அவனுக்குப் பிடி வரவில்லை. தரையோடு வருவதை மறிப்பான். பந்து வானத்தில் எழும்பினால், அவன் தலை தானாகக் குனியும். பந்து பக்கத்தில் 'தொப்' என்று விழும். ஒரு கோடை பொறுத்தார்கள். அடுத்த கோடையில் "கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றார்கள். எங்களவர் வாயில் அதற்குப் பொருள், இனி வராதே என்பது.

அந்தக் கிழமை, பெற்றோல் போட ஒருவரும் வராத ஒரு மத்தியானத்தில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணை, உங்கட பக்கம் ஆள் காணாதாமே. என்னை எடுப்பியளோ?"

"உனக்குக் கையில ஏதும் பிரச்சினையோ?"

"கை நல்லாத்தான் இருக்கு. கழுத்துத்தான் நிமிருதில்லை. மேல பாத்தால் பொம்மர் குண்டுபோட வாறமாதிரி." சிரிக்கப் பார்த்தான். "ஊரை விட்டு வெளிக்கிடுறதுக்கு முதல் கிழமை அப்பிடித்தான். பங்கருக்குள்ள நான் போயிட்டன், தங்கச்சி மேல பாத்துக்கொண்டு நிண்டவள்."

 மிச்ச வீட்டுக்காரர் இடம்பெயர்ந்து எங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் இருந்த அறையில் மூன்று பேர். ஒருவன் வேலையால் வரும்போது மற்றவன் வேலைக்குப் போவான்.

"ஞாயிற்றுக்கிழமையும் இல்லாட்டி, நான் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை அண்ணை" என்றான். "நாள் முழுக்கப் பம்ப் நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

எங்கள் அணித்தலைவர் செல்வா அண்ணையின் வீட்டில், தெற்கு லண்டன் டூட்டிங்கில், கூட்டம். தபால் பிரிக்கும் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். வரும் ஞாயிறு யோகனுடைய பழைய பள்ளிக்கும் எங்களுக்கும் ஆட்டம். எங்களிடம் பத்துப் பேர்தான் இருந்தார்கள். நான் யோகனின் பெயரைச் சொன்னதும் எங்கள் பந்து வீச்சாளன் குகன், கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தான்.

"அண்ணை, அவனை எடுக்கிறதுக்குப் பதிலா ஒரு வாளியை நிப்பாட்டலாம். வாளிக்குள்ளயாவது ஒண்டு விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் பொம்மர் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்த அறையில் பதுங்குகுழிக்குள் இருந்து வராதவர் ஒருவரும் இல்லை. இனி ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

"எங்களுக்கும்தான் குண்டு போட்டவங்கள்" என்றான் குகன். "நாங்கள் பிடிக்கேல்லையே?"

"பொயின்ற்றில விடுவம்" என்றேன். "அங்க மேல பாக்கத் தேவையில்லை."

செல்வா அண்ணை தேநீரைக் கீழே வைத்தார். "தம்பி, பிடிக்கிறது விடுறது இல்லைப் பிரச்சினை. அவங்கள் கழிச்சுவிட்டதை நாங்கள் பொறுக்கி எடுத்தம் எண்டு சிரிப்பாங்கள். அதுவும் அவங்களோட ஆடேக்கை. எங்கட தொப்பியை அவன்ர தலையில வைச்சால் ஊரில இருக்கிற பள்ளிக்கூட அதிபருக்கு நான் என்ன சொல்லுறது?"

"அதிபரே இப்ப எந்த அகதி முகாமிலயோ" என்றேன்.

"அதாலதான்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடக் கூரையும் போயிட்டுதாம். பேராவது மிஞ்சட்டும்."

  யோசித்துப் பார்த்தால், ஆங்கிலேயர் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்பார்கள். அவர்களுடைய சங்கங்களில் பக்கத்துத் தெருக்காரனையும் சேர்ப்பார்கள், தேநீருக்குச் சாண்ட்விச் கொண்டு வந்தால் போதும். ஆனால் அவர்களுடைய பள்ளிக்கூடத்தின் கூரை இருக்கிறது. எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் கையில் மிஞ்சிய ஒன்றை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பான் என்பதையும், அந்தப் பிடியில் இன்னொருவனுடைய மூச்சு நின்றுபோகலாம் என்பதையும் நான் அந்த வீட்டில்தான் கண்டேன். பத்துப் பேரோடு ஆடுவது என்று முடிவாயிற்று.

நான் யோகனுக்குச் சொன்னேன். "ஓம் அண்ணை, விளங்குது" என்றான். 

ஞாயிறன்று அவன் வந்திருந்தான். வெள்ளை உடுப்பைத் தோய்த்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். அவனுடைய பழைய அணி ஒரு மரத்தடியில் இருந்தது, நாங்கள் இன்னொரு மரத்தடியில். இரு பக்கமும் "வா மச்சான், இரு" என்றார்கள். எவரும் நகர்ந்து இடம் விடவில்லை. அவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே தனியாக நின்றான். நாங்கள் பந்துவீசியபோது எங்கள் பொயின்ற் வெறுமையாகக் கிடந்தது. பந்துகள் அந்த வழியாலேயே போயின. குகன் ஒவ்வொரு முறையும் ஏசிக்கொண்டு ஓடினான்.

பிறகு நாங்கள் மட்டை பிடித்தோம். செல்வா அண்ணை நல்ல உயரமான மனிதர். முன்னாலேயே குத்தி எழும்பிய ஒரு குட்டைப் பந்தைப் பக்கவாட்டில் ஓங்கி வெட்டினார். அது மேலே எழும்பவில்லை. தரையில் படாமல் மார்பு உயரத்தில் விசிறியடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தது. யோகன் இடப்பக்கம் பாய்ந்தான். ஒற்றைக் கை. விழுந்து உருண்டு எழும்பியபோது பந்து கைக்குள் இருந்தது.

மைதானத்தைப் பராமரிக்கும் கிழ வெள்ளைக்காரர் என் பக்கத்தில் நின்று பலமாகக் கைதட்டினார். வேறு எவரும் தட்டவில்லை. "அருமையான பிடி! மட்டைக்காரர் ஆட்டமிழந்தாரா?" என்று கேட்டார். இல்லை, அந்த ஆள் கோட்டுக்கு வெளியே நிற்கிறார், இது ஆறு ஓட்டம் என்றேன். "அவர் எந்த அணி?" என்றார். அணி இல்லை என்றேன். என் ஆங்கிலம் பிழைத்துவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக, சத்தமாக, இன்னொருமுறை கேட்டார்: "இல்லையில்லை, அவர் எந்த அணிக்கு ஆடுகிறார்?"

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஆறு எங்கள் கணக்கில் சேர்ந்தது. "எறியடா யோகன்!" என்று அவனுடைய பழைய தலைவன் விக்கெட்டுக்குப் பின்னால் இருந்து கத்தினான். "ஆறுதலாக் குடுடாப்பா, அவசரமில்லை!" என்று எங்கள் மரத்தடியில் இருந்து குகன் கத்தினான். யோகன் பந்தைப் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். கையை ஓங்கவில்லை. குனிந்து, சுண்ணாம்புக் கோட்டின் மேல் பந்தை உருளாமல் வைத்தான். காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு பஸ் தரிப்பிடத்துப் பக்கம் நடந்தான்.

பந்து கோட்டின் மேல் கிடந்தது. அதை எடுக்கவேண்டியது யார் என்று தெரியாமல், மைதானத்தில் அவர்களும் மரத்தடியில் நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம்.